எஞ்சினின் காலுக்குள் வந்த தண்ணீர்

மகனே,

எல்லாரும் நல்ல சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கினால் அடுத்த வரியையும் நீ நம்பமாட்டாய் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அம்மா நடமாடுகிறாள், நானும் நடமாடுகிறேன். மாரி முடிந்துவிட்டது. குருநகர்த் துறையில் மழைக்குக் கரையேற்றிய படகுகளில் பாதிக்கு மேல் கடலுக்கு இறங்கிவிட்டன, எங்களுடையது இன்னும் ஏற்றிய இடத்திலேயே கிடக்கிறது. இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ "ஓம் அப்பா, சொல்லுங்கோ" என்றவுடன் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டுவிடுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் ஒரு எழுத்தைத் தொட வேறொன்று வந்து விழுகிறது. பேனையைப் பிடித்து எழுதத்தான் எனக்கு வரும், அதுவும் கோபம் இருந்தால் வடிவாக வரும். இன்றைக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உன்மேல் இல்லை.

கார்த்திகையில் உனக்கு ஒரு படம் அனுப்பினேன், நினைவிருக்கும். எஞ்சினின் காலுக்குள்ளிருந்து, தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பாகத்திலிருந்து, வடித்த கியர் ஒயில், ஒரு வாளிக்குள். கறுத்துப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அது பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. படத்துக்குக் கீழே எழுதினேன், தண்ணீரை மறிக்கிற சீல் போய்விட்டது, உள்ளுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, இந்த எஞ்சின் இனிச் சரிவராது, நீ வரவேண்டாம் என்று. "ஓம் அப்பா" என்று நீ பதில் போட்டாய். அதற்குப் பிறகு எனக்கு நீ ரெலிபோன் எடுக்கவேயில்லை. அம்மாவுக்கு மட்டும் "சாப்பிட்டன்", "படுக்கப் போறன்" என்று செய்தி வருகிறது. அந்தப் படத்தைப் பற்றித்தான் இப்போது எழுதவேண்டியிருக்கிறது. அதில் நான் சொன்னது பிழை. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பிழை எப்படி வந்தது என்று சொல்ல ஆவணியிலிருந்து தொடங்கவேண்டும். அம்மா மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த அடுத்த நாள் நீ எடுத்தாய். முதலில் அவளோடு கதைத்தாய், அவள் ரெலிபோனை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். தாய்க்கும் மகனுக்கும் ஆயிரம் இருக்கும் என்று நான் வெளியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். பிறகு என்னிடம் தந்தாள். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, தைக்குப் பிறகு நான் அங்கை வாறன். உங்களோடை தொழிலுக்குப் போறன். எஞ்சினை மட்டும் வடிவா வைச்சிருங்கோ." நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

எனக்கு வந்த எரிச்சலை நீ அன்றைக்கே கேட்டாய். கனடாவில் உன்னை அகதியாக வைத்திருப்பதா விடுவதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு வருமுன் நீ வெளிக்கிட்டால் அந்தக் கதவு சாத்தியதுதான், பிறகு எந்தச் சாவியும் திறக்காது. இத்தனை வருசம் நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் கிடந்து, குளிரில் நின்று வேலை செய்து, கடைசியில் கிட்ட வந்த நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீன் பிடிக்க வருகிறானாம், உவனுக்கு விசரோ என்று அம்மாவிடம் கத்தினேன். மடுவிலிருந்து கொண்டுவந்த பையை அவிழ்த்துச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு அப்போது படவில்லை, நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே.

அதற்குப் பிறகு நீ எப்போது எடுத்தாலும் எஞ்சின் கதைதான். ஐப்பசியில் நீ வேலை செய்யும் இடத்திலிருந்து வீடியோவில் வந்தாய். ஏரிக்கரையில் படகுகளை ஏற்றி நிறுத்தியிருக்கும் பெரிய வளவு. பனி தொடங்குமுன் ஒவ்வொன்றாக மூடி வைப்பதுதான் இந்த மாதங்களில் உன் வேலை என்று சொன்னாய். எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்க, கீழ்ப்பாகம் மட்டும் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் உல்லாசப் படகுகள். தண்ணீருக்குள் நிற்கும் அந்தப் பாகத்தை அங்கேயும் கால் என்றா சொல்வார்கள் என்று கேட்டேன், இல்லை என்று சிரித்தாய். வேலை முடிந்த படகுகளைத் தலை முதல் கால் வரை வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் சுற்றி வரிசையாக விட்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நீ ஒரு காலுக்குக் கீழே குந்தியிருந்து எனக்குப் படிப்பித்தாய். முதலில் கீழ் ஓட்டையை அடைத்திருக்கும் புரியாணியைக் கழற்றுங்கோ, பிறகு மேலே உள்ளதை, மேலே திறந்தால்தான் காற்றுப் போய் ஒயில் முழுதாக வடியும். வடிகிற நிறத்தைப் பாருங்கோ. புரியாணி நுனியில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கோ என்று பாருங்கோ. வாசரைப் பழையதே போடாதேங்கோ. உள்ளே தண்ணீர் இருக்க அப்படியே விட்டால் பனியில் அது கட்டியாகிக் கியர்ப் பெட்டியையே வெடிக்க வைத்துவிடும் என்றாய். நான் சொன்னேன், இங்கே வெடிக்காது, சத்தமில்லாமல் துருப்பிடிக்கும், கரையில் ஓட்டிப் பார்த்தால் நல்லாகத்தான் ஓடும், நடுக்கடலில்தான் வேலையைக் காட்டும் என்று. நீ தலையாட்டினாய். கதைக்கும்போது உன் வாயால் புகை வந்தது. கையுறை போடாமல் ஏன் நிற்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, ஒயில் வேலைக்குக் கையுறை சரிவராது என்றாய். உன் விரல் நுனிகள் வெடித்திருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, ஒயில் என்ன தடிப்பில் வாங்குவது என்றுதான் கேட்டேன்.

நீ எனக்குப் படிப்பிப்பதில் எனக்குக் குறையில்லை. இந்த விசயம் எங்கள் வீட்டில் முதலில் விளங்கியது உனக்குத்தான். சண்டை முடிந்து கடலுக்குத் தாராளமாகப் போகலாம் என்று ஆனபிறகு நாங்கள் வாங்கிய முதல் எஞ்சினை மறந்திருக்கமாட்டாய். முதல் மாரிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து ஒயில் மாற்றினோம். உலகத்தில் எதையும் மேலிருந்துதான் நிரப்புவது என்று எனக்குத் தெரியும், ஆனபடியால் கீழ் ஓட்டையை அடைத்துவிட்டு மேல் ஓட்டைக்குள் ஊற்றினேன். வழிந்தது, நிறைந்துவிட்டது என்று மூடினேன். உள்ளுக்குள் காற்று அகப்பட்டுக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. தையில் மண்டைதீவைத் தாண்டும்போது நீ காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, "அப்பா, கியர் அழுகுது" என்றாய். உனக்கு எல்லாம் அழுகிறமாதிரித்தான் கேட்கும் என்று பகிடி விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றேவிட்டது. மாறி மாறித் துடுப்பு வலித்துக் கரைக்கு வந்தோம், வந்து சேருமட்டும் நீ "நான் சொன்னனான்" என்று ஒருக்கால்கூடச் சொல்லவில்லை. அதற்காகவே உன்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

காலைக் கழற்றிப் பார்த்துவிட்டு நீதான் கண்டுபிடித்தாய். கீழ் ஓட்டையால் அமத்தி ஏற்றவேண்டும், ஒயில் மேலே வர வரக் காற்று மேல் ஓட்டையால் போய்விடும், குமிழி இல்லாமல் வழியத் தொடங்கியதும் மேலே முதலில் பூட்டவேண்டும், பிறகுதான் கீழே. அப்படிப் பூட்டினால் கீழே திறந்திருந்தாலும் ஒயில் கொட்டிப் போகாது என்று குளிர்பானம் உறிஞ்சிக் குடிக்கிற குழாயை விரலால் மேலே பொத்திக் காட்டினாய். இந்தப் பொடியன் கரைவலைக்கும் கூடைக்கும் உரியவனில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. தொழில்நுட்பக் கல்லூரிக்கு உன்னை விட்டதும், பிறகு நீ வெளியில் போகிறேன் என்றபோது மறிக்காமல் நின்றதும் அதனால்தான்.

நீ போக முடிவெடுத்த காலையைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததில்லை. வலை விட்ட இடத்துக்குப் போனால் மிதவையும் இல்லை, வலையும் இல்லை, இந்தியக் கரை இழுவைப் படகுகள் உழுதுவிட்டுப் போயிருந்தன. தேடித் தேடிக் கடைசியில் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று கிடைத்தது. நீ அதன் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கரை வந்ததும் சொன்னாய், "நான் வெளியிலை போறன் அப்பா" என்று. நான் சந்தோசப்பட்டேன் என்பதை இப்போது சொல்கிறேன். பிள்ளை போகிறானே என்று அம்மா அழுதாள், பிள்ளை தப்புகிறானே என்று நான் உள்ளுக்குள் மெழுகுதிரி கொளுத்தினேன்.

இன்றைக்கு அந்தக் கடல் இன்னும் மோசம். உனக்கு நான் சொன்னது பாதிதான். ஒரு கிழமை பிடித்தது எண்ணெய்க் காசுக்குக் காணும், அடுத்த கிழமை அதற்கும் காணாது. வலை விட்டுவிட்டுக் கரையில் நித்திரை கொள்ள முடியாது, வலை காலையில் இருக்குமோ என்ற யோசனைதான். என்னோடு கூட வந்த ஆள் இப்போது கட்டட வேலைக்குப் போகிறான், சிமெந்தாவது போட்ட இடத்தில் கிடக்கிறது என்கிறான். துறையில் உன் வயதுக்காரர் எவரையாவது பார்ப்பதென்றால் தேடிப் பிடிக்கவேண்டும். என் கண்ணுக்குத் தூரத்து மிதவை தெரிவதில்லை, தெரிகிறமாதிரி நடிக்கிறேன். மகனே, நான் இந்தக் கடலிலேயே முடிந்து போவதில் எனக்குக் கவலையில்லை. அதில் நீயும் வந்து சேர்வதைத்தான் என்னால் பொறுக்க ஏலாது. ஆவணியிலிருந்து எனக்கு இருந்த ஒரே யோசனை, உன்னை எப்படி மறிப்பது என்பதுதான்.

நீ எடுத்த அதே கிழமையில் படகைத் தள்ளுகிற எஞ்சின் விசிறியில் தங்கூசி சுற்றிக்கொண்டது. அறுந்த வலைகளின் நைலோன் நூல் கடல் முழுக்க மிதக்கிறது, சுற்றாவிட்டால்தான் அதிசயம். எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்து, விசிறியைக் கழற்றி, தண்டில் இறுகிக் கிடந்த தங்கூசியை வெட்டி எடுத்தேன். கையோடு மேல் புரியாணியைத் திறந்து ஒயில் மட்டத்தையும் பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. வீட்டில் ஒயில் இல்லை, திறந்தபடியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து, குறை நிரப்புவதுதானே என்று கீழ்ப் புரியாணியைத் தொடாமல் மேலாலேயே விட்டேன். நீ பார்த்திருந்தால் பேசியிருப்பாய். நினைத்ததைவிடக் குறைவாகத்தான் பிடித்தது, எனக்கு மட்டம் பார்க்கவும் கண் பிடிக்கவில்லையாக்கும் என்று மூடிவிட்டேன். உன் முறைப்படி கீழால் திறந்திருந்தால் எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும்.

கார்த்திகையில் காற்று மாறி, கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. படகை ஏற்றிவிட்டு, எஞ்சினை நன்னீர்ப் பீப்பாவுக்குள் விட்டு ஓட்டி உப்பைக் கழுவி, நீ படிப்பித்தபடி கீழ்ப் புரியாணியைக் கழற்றினேன். வடிந்தது பால் தேத்தண்ணி. தங்கூசி சீலை வெட்டிவிட்டது என்று உடனே முடிவு கட்டினேன், இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நேரம் எனக்கு வந்தது கவலையில்லை மகனே. பெரிய ஆறுதல். எஞ்சின் போய்விட்டது, இனி அவன் எதற்கு வரப்போகிறான் என்று வாளியைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். சீலை மாற்றலாம், கியரைக் கழுவலாம், உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இருந்தும் சரிவராது என்று எழுதிப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். படம் பொய் சொல்லாது என்று நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீ எடுக்கவில்லை. முதல் கிழமை, வேலை கூட என்று நினைத்தேன். நத்தாருக்குப் பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து உடுப்பும் மாற்றாமல் ரெலிபோனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தோம். அம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது, மெழுகுதிரிப் படம் ஒன்று. அவள் அதை என்னிடம் காட்டிவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கேக்கை எறும்பு தின்றது. உன்னை மறித்துவிட்டேன் என்ற ஆறுதல் அத்தோடு போய்விட்டது. அங்கேயாவது நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் சரி, அதுவும் தெரியாது. பிள்ளையைக் காப்பாற்றினேனா, தொலைத்தேனா என்று விளங்காமல் கிடந்தேன்.

சும்மா இருக்க ஏலாமல்தான் எஞ்சினின் காலை மறுபடி தொட்டேன். சீல் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம் என்று, பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வை மேல் ஓட்டையில் இறுக்கி, கீழ் ஓட்டையை மூடி, சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காலைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கினேன். சீல் போயிருந்தால் தண்டடியில் குமிழி வரவேண்டும். வரவில்லை. தண்டைச் சுற்றிப் பார்த்தேன், வரவில்லை. காலையில் இறக்கியதை மத்தியானம் தூக்கினேன், அடித்த காற்று அப்படியே இருந்தது. விசிறித் தண்டைக் கழற்றிப் பார்த்தேன், சீல் புதுசுமாதிரி இருந்தது. கியர்ப் பற்களில் துருவின் அடையாளமும் இல்லை. வெளியிலிருந்து ஒரு துளி தண்ணீரும் உள்ளே போக வழியில்லை, ஆனால் உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. நான் அந்தப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்கள் ஒயில் வாங்கக் கடைக்குப் போகேக்கை மேல் ஓட்டை திறந்து கிடந்தது. மடுவிலையிருந்து கொண்டந்த மந்திரிச்ச தண்ணியிலை கொஞ்சம் விட்டனான்."

புது வலைக்கு அந்தத் தண்ணியைத் தெளிப்பார்கள், படகின் முன் அணியத்தில் தெளிப்பார்கள், நானே எத்தனை தரம் தலை குனிந்து நின்றிருக்கிறேன். எஞ்சினின் வயிற்றுக்குள் ஊற்றியதை யார் கண்டது. எஞ்சினுக்குள் ஆரும் தண்ணி விடுவினமோ என்று கேட்டேன், என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் பயப்படவில்லை.

"எஞ்சினுக்கு விடேல்லை. அவனுக்கு விட்டனான்," என்றாள்.

பிறகுதான் அந்த ஆவணி நாளில் கதவைச் சாத்திக்கொண்டு நீ அவளோடு கதைத்தது என்னவென்று எனக்குச் சொன்னாள். நீ அழுதாய் என்று சொன்னாள். இருபத்தெட்டு வயதுப் பொடியன் சின்னப் பிள்ளைமாதிரி விம்மி விம்மி, இஞ்சை ஏலாது அம்மா, ஆரோடையும் கதைக்காமல் நாள் போகுது, விடியிறதும் தெரியேல்லை இருளுறதும் தெரியேல்லை என்று அழுதாய் என்று சொன்னாள். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டாயாம். நான் வெளியில் வலை பொத்திக்கொண்டிருந்த நேரம். அடுத்து ரெலிபோனை வாங்கிய என்னிடம், தொழிலுக்கு வாறன் என்று சொன்னாய். இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "அவன் தொழிலுக்கெண்டோ வாறன் எண்டவன்? உங்களிட்டை வாறதுக்கு அவனுக்கு ஒரு சாட்டு வேணும். ஏலாமல் கிடக்கு, வாறன் எண்டால் நீங்கள் விடமாட்டியள் எண்டு அவனுக்குத் தெரியும்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஆறுகிறது என்றாள்.

சாட்டு என்ற சொல்லை நான் எத்தனை தரம் உன்மேல் எறிந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாததற்கு வயிற்றுக்குத்துச் சாட்டு, பூசைக்கு வராததற்குக் காய்ச்சல் சாட்டு. இந்த முறை உன் சாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவேண்டிய முறை இதுதான். எஞ்சினை வடிவாக வைத்திருங்கோ என்று ஒவ்வொரு கிழமையும் நீ சொல்ல, என்ன தடிப்பில் ஒயில் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நானும் அதே எஞ்சினைச் சாட்டி உன்னை வரவேண்டாம் என்றேன். நீ "ஓம் அப்பா" என்றாய். அந்த இரண்டு சொல்லை எழுதும்போது நீ எப்படி இருந்திருப்பாய் என்று நினைக்க எனக்குத் தைரியம் வருகுதில்லை.

அன்றைக்கே எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன என்றும் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. எஞ்சின் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே கிடப்பாய், வழக்கு ஒருநாள் முடியும், கையில் ஒரு கடுதாசி தருவார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சரிவந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடுதாசி கைக்கு வர முதல் அங்கே உயிரை விட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். முன்வாங்கில் இருந்த தாய் தகப்பனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர்களுக்காகப் பாவப்பட்டேன். இப்போது அந்த வாங்கில் எங்கள் இருவரையும் வைத்துப் பார்க்காமல் என்னால் கோயிலுக்குள் போக முடியவில்லை.

ஆனபடியால் எஞ்சினை இதற்குள் இழுக்காமல் சொல்கிறேன். சீல் நல்ல சீல், கியர் நல்ல கியர், புது ஒயில் கீழாலேயே ஏற்றி மேலே முதலில் பூட்டியிருக்கிறேன். அதற்காக நீ வராதே. இந்தக் கடலில் உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை, நீ எத்தனை தரம் கேட்டாலும் அதையே சொல்வேன். வழக்கைத் தொலைத்துவிட்டு வந்தால் திரும்பிப் போக வழியில்லை, அதுவும் அப்படியேதான் இருக்கிறது. வந்து என்ன செய்வாய், எப்படிச் சீவிப்பாய், எங்களுக்குப் பிறகு உனக்கு ஆர் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. உன்னை அங்கே விட்டும் பயம், இங்கே கூப்பிட்டும் பயம். நான் உயிரோடு இருக்குமட்டும் இந்தப் பயம் தீரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அங்கே இன்னும் கொஞ்சம் ஏலும் என்றால் இரு. இருக்கிறாய் என்றால் அம்மாவுக்கு அனுப்புகிறமாதிரி "சாப்பிட்டன்" என்று எனக்கு அனுப்பாதே. எடுத்து அழு. நான் ரெலிபோனை வைக்கமாட்டேன், ஒயிலைப் பற்றியும் கேட்கமாட்டேன். எடுக்கவும் ஏலாது என்ற நாள் வந்தால், ஆவணியில் ரெலிபோனை வாங்கியவுடன் நான் சொல்லியிருக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ஏலாட்டி வா, ராசா. சாட்டு ஒண்டும் வேண்டாம்.

அப்பா